தேன் காலத்துக்குக் கித்தான் கூடாரம்: எந்த அளவு பொருந்தும்?

தை மாதம் ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு வெறுங்கிளையோடு நிற்கும். அந்தக் கிளைகளில் செம்பு நிறத் தளிர் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கத்துத் தேனீ வளர்ப்போர் வீடுகளில் பரபரப்பு பிறந்துவிடும். ரப்பர் தேன் பூவிலிருந்து கிடைப்பதாக வெளியூர்க்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். அது தளிரிலிருந்து வருகிறது. மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறும். தேனீக்கள் அதை உறிஞ்சி வந்து பெட்டியை நிரப்புகின்றன. ஜனவரிக் கடைசியில் தொடங்கும் வரத்து ஏப்ரல் வரை நீடிக்கும். அந்த மூன்று மாதமும் பெட்டிகளோடு தோட்டம் தோட்டமாகப் போய்த் தங்குகிறவர்களுக்குக் கூடாரம்தான் வீடு, அதுவே தேன் எடுக்கும் அறையும்.

நாங்கள் வெகுகாலம் கமுகுத் தடி நட்டு, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி ஒப்பேற்றினோம். இலையில்லாத மரத்தடியில் நண்பகல் வெயில் நேராக இறங்கும். தார்ப்பாய்க்குள் வெக்கை ஏறி, மெழுகு இளகி, தேனடை சட்டத்திலேயே தொய்ந்துவிடும். பருத்திக் கித்தான் காற்றை உள்ளே விடும். வெயிலையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். எனவே கித்தானா தார்ப்பாயா என்ற கேள்வியில் நான் நேரம் செலவிடப் போவதில்லை. எனக்கு அது முடிந்துபோன விஷயம். எந்த அளவு என்பதுதான் கேள்வி. அதில் நாங்கள் ஒருமுறை தவறிவிட்டோம். இரண்டாவது கூடாரத்துக்குப் பணம் கட்டும் முன், அளவுநாடாவும் நோட்டுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு இன்னொருவருக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான்கு பக்கமும் நேர்ச்சுவரும் மேலே முகட்டுக் கூரையும் உள்ள கித்தான் கூடாரங்கள் 8×10, 10×12, 12×14, 14×16, 16×20 அடி என்ற அளவுகளில் பேசப்படுகின்றன. முதல் எண் அகலம், இரண்டாவது நீளம். அமெரிக்காவின் மலைப்பகுதி வேட்டை முகாம்களில் இந்த அளவுகள் நன்கு பழக்கமானவை. அங்கே குளிர் தொடங்கும் பருவத்தில் எல்க் போன்ற பெரிய மான்களை வேட்டையாடப் போகிறவர்கள் வாரக்கணக்கில் இத்தகைய கூடாரத்தில் தங்குவார்கள். உள்ளே விறகு அடுப்பு எரியும். அதன் புகைக்குழாய் கூரை வழியே வெளியேறும். அடுப்பைச் சுற்றி இடைவெளி விட்டு, ஆளுக்கொரு கட்டில், துப்பாக்கி, பனிக்கால உடைகள், உணவு மூட்டை என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் 10×12 இரண்டு மூன்று பேருக்கு, 12×14 நான்கு பேருக்கு, 14×16 ஐந்தாறு பேருக்கு, 16×20 எட்டுப் பேர் வரை என்பது பொதுவான வழக்கம்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. அது நல்ல சட்டம். நமக்கு இங்கே தேவைப்படுவது தேன் முகாமுக்கான கூடாரம். ஆகவே அந்த ஆள்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் அடுப்புக்கு விடும் இடத்தை நாம் தேன் பிழியும் இயந்திரத்துக்கு விட வேண்டும். அவர்கள் புல்வெளியில் கூடாரம் போடுகிறார்கள்; நாம் மரவரிசைக்கு நடுவில் போடுகிறோம். அவர்களுக்குப் பகை பனி; நமக்கு வெக்கையும், கோடை மழையும், எறும்பும்.

எங்கள் மாமாவுக்கு 16×20தான் வேண்டும். அவர் இளைஞராக இருந்த காலத்தில் ஒரு குழுவில் எட்டுப் பேர் போவார்களாம். மார்த்தாண்டத்தில் இந்தத் தொழில் வேர்விட்டதற்கு 1920களில் அங்கே கிராம மறுமலர்ச்சிப் பணி செய்த ஒய்.எம்.சி.ஏ.வும் அந்தப் பணியை நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்சும் முக்கியக் காரணம். பிறகு ஊருக்கு ஊர் பெட்டிகள் பெருகின. 1991-92இல் தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் புகுந்து, பெட்டியில் வளர்க்கும் நம் அடுக்குத் தேனீக்களின் புழுக்களை அழித்தது. எங்கள் வீட்டிலும் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின. மாமா அந்த ஆண்டுகளைப் பற்றி இன்றும் அதிகம் பேசுவதில்லை. மறுபடி தொழில் துளிர்த்தபோது குழுக்கள் சிறுத்துவிட்டன. இப்போது நாங்கள் நான்கு பேர் போகிறோம். சில வாரங்களில் மூன்றே பேர்.

“பெரிதாகவே வாங்கிவிடு மக்களே. நாளைக்கு ஆள் கூடினால் இடத்துக்கு எங்கே போவாய்?” என்றார் மாமா.

“ஆள் கூடினால் இன்னொன்று வாங்கிக்கொள்வோம் மாமா. இப்போது நீங்கள் சொல்கிற கூடாரத்தை எந்த வரிசையில் விரிப்பது என்று சொல்லுங்கள்” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என்னோடு தோட்டத்துக்கு வந்தார்.

எங்கள் முதல் கூடாரம் 14×16. ஐந்தாறு பேருக்கான அளவு என்றால் நான்கு பேருக்குத் தாராளமாக இருக்கும் என்று நம்பி வாங்கினோம். குலசேகரத்துக்கு வடக்கே ஒரு சமதளத் தோட்டத்தில் முதன்முதலாக விரித்தோம். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் கூடாரம் நுழைந்தது. ஆனால் இரண்டு பக்கச் சுவரும் மரங்களை உரசின. பக்கவாட்டில் நடக்க வழியில்லை. தேன்சட்டங்களைத் தூக்கி வருகிறவர் ஒவ்வொரு முறையும் இரண்டு மரம் தாண்டிச் சுற்றி வர வேண்டியிருந்தது. மார்ச்சில் ஒரு மாலை இடியோடு மழை கொட்டியது. நனைந்த பருத்திக் கித்தானில் எந்தப் பொருள் அழுந்தி உரசுகிறதோ அந்த இடத்தில்தான் நீர் ஊடுருவும். மரப்பட்டை உரசிய இடங்களிலெல்லாம் உள்ளே சொட்டியது. அடியில் மூடி திறந்திருந்த ஒரு கேன் தேனுக்குள் மழைநீர் விழுந்தது. அந்தத் தேனை விற்க மனம் வரவில்லை. வீட்டிலும் வைத்திருக்க முடியவில்லை, புளித்துப்போனது. கூடாரத்தின் மேல் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். துணி நல்ல துணி, தையல் நல்ல தையல். அளவைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்.

அன்றிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்று. கூடாரத்தின் அகலத்தை மரவரிசை முடிவு செய்கிறது; நீளத்தை மட்டுமே நாம் முடிவு செய்கிறோம். ரப்பர் வாரியத்தின் பரிந்துரைப்படி சமதளத்தில் மரத்துக்கு மரம் 4.9 மீட்டர், ஏறத்தாழ 16 அடி, சதுரமாக நடுவார்கள். வளர்ந்த மரத்தின் தடிமனைக் கழித்தால் இரண்டு வரிசைக்கு நடுவே கையில் கிடைப்பது 15 அடிதான். 14 அடி அகலக் கூடாரத்துக்கு இருபுறமும் அரையடி வீதம் மிஞ்சும். மழையில் கித்தான் தொய்ந்தாலோ, கம்பு கொஞ்சம் சாய்ந்தாலோ அந்த அரையடியும் போய்விடும். 12 அடி அகலத்துக்கு ஒன்றரை அடி வீதம் மிஞ்சும். ஒருவர் ஒதுங்கி நடக்கலாம், சட்டம் தூக்கி நடக்க முடியாது. 10 அடி அகலத்துக்கு இரண்டரை அடி. இரண்டு கையிலும் பாரத்தோடு நிமிர்ந்து நடக்கலாம். இறவாரத்து நீரும் மரத்தடிக்குப் போகாமல் நடுவில் வெட்டிய வாய்க்காலில் விழும். 16 அடி அகலக் கூடாரம் வரிசைக்குள் நுழையவே நுழையாது. மாமா நாடாவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டது அந்த இடத்தில்தான்.

சரிவு நிலத்தில் இடைவெளி வேறு. அங்கே வரிசைக்கு வரிசை 6.7 மீட்டர், அதாவது 22 அடி; ஒரே வரிசையில் மரத்துக்கு மரம் 3.4 மீட்டர், 11 அடி. கேட்பதற்கு 22 அடி பெரிய இடமாகத் தோன்றும். ஆனால் அந்த 22 அடியும் சரிவு. பேச்சிப்பாறை, கடையல், பத்துகாணி வழியே போனால் தெரியும்: மரம் நிற்கும் குறுகிய தட்டு ஒன்றுதான் சமம், அதன் இரு பக்கமும் ஏற்றம் இறக்கம். ஆகவே மலைத்தோட்டத்தில் வரிசைக்குள் கூடாரம் போடும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். ரப்பர்ப் பால் சேகரிக்கும் கொட்டகையின் முற்றமோ, வண்டித் தடம் அகன்று திரும்பும் வளைவோதான் கிடைக்கும். அவையும் நீளவாக்கில் இருக்கும். அகலத்தில் சிக்கனமாக இருக்கும். அங்கேயும் ஒடுங்கிய கூடாரத்துக்கே இடம் உண்டு.

இழுகயிறுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இறவாரத்திலிருந்து முளைவரை நான்கைந்து அடி கயிறு சரிந்து போகும். நல்லவேளையாக மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் அதற்கு இடம் இருக்கிறது. ‘முளை எதற்கு, மரத்திலேயே கட்டிவிடலாமே’ என்று முதல் ஆண்டில் நினைத்தோம். தோட்டக்காரர் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். பால் வெட்டும் பட்டையில் கயிறு அறுத்தால் அந்த மரம் அவருக்குப் பல ஆண்டு நட்டம். தளிர் வரும் காலத்தில் பெரும்பாலும் பால்வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். நாம் போய் இறங்குவதும் அந்த ஓய்வுக் காலத்தில்தான். ஓய்வெடுக்கும் மரத்தைக் காயப்படுத்தக் கூடாது. முளை அடிக்க முடியாத பாறைப் பகுதி என்றால் சாக்கில் மண் நிரப்பி அதில் கட்டலாம்.

இனி உள்ளே. ஆளுக்கு ஒரு பாய் போடுகிறோம். ஆறரை அடி நீளம், இரண்டரை அடி அகலம் போதும். 10 அடி அகலத்தில் நான்கு பாய் பக்கத்தில் பக்கத்தில் சரியாகப் பொருந்தும். ஏழு அடி நீளத்தைத் தூக்கத்துக்கு ஒதுக்கினால் மீதி எல்லாம் தேனுக்கு. இங்கேதான் வேட்டைக் கூடாரத்து ஆள்கணக்கு நம்மைக் கைவிடுகிறது. தேன் வேலைக்கு வேண்டிய இடம் ஆள் கூடினாலும் குறைந்தாலும் மாறாது. நான்கு சட்டம் பிடிக்கும் இயந்திரத்தின் உருளை இரண்டடிக்குள் அடங்கும். ஆனால் கைப்பிடியைச் சுழற்றுகிறவர் அதைச் சுற்றி நிற்க நான்கடி சதுரம் வேண்டும். மூடிய அடையின் மெழுகுத் தோலைக் கத்தியால் சீவ ஒரு மேசை, நான்கடிக்கு இரண்டடி. சீவிய மெழுகு வடிய ஒரு தட்டு. வடிகட்டித் துணி கட்டிய பாத்திரம். நிரம்பிய கேன்கள் ஒரு வரிசை, காலிக் கேன்கள் ஒரு வரிசை. தேன் எடுக்க வேண்டிய சட்டங்களும், எடுத்து முடித்துத் திரும்பப் போக வேண்டிய சட்டங்களும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இரண்டு மூலையில் இருக்க வேண்டும். 10 அடி அகலத்தில் இதற்கு எட்டு ஒன்பது அடி நீளம் தேவை. அதற்குக் குறைந்தால் ஒருவர் காலை இன்னொருவர் மிதிப்பார், தேன் சிந்தும், சிந்திய தேனுக்கு எறும்பு வரும், எறும்பு வந்த இடத்தில் தூக்கம் வராது.

தேனீயும் வரும். வரத்து நன்றாக இருக்கும் நாளில் அவை நம்மைச் சட்டைசெய்யாது. வரத்து இல்லாத நாளில் திறந்த தேனின் வாசம் போதும். நூற்றுக்கணக்கில் மோப்பம் பிடித்து வந்து மொய்க்கும். அந்தக் கொள்ளை பெட்டிகளுக்கும் பரவினால் பலவீனமான கூட்டம் அழிந்துவிடும். எனவே வாசலுக்கு வலைத்திரை அவசியம். சட்டத்தோடு உள்ளே வந்துவிடும் தேனீக்கள் வெளிச்சத்தை நோக்கிப் பறந்து கூரை முகட்டில் போய்ச் சேரும். முகப்பின் முக்கோணத்தில் உச்சியில் ஒரு சின்னத் திறப்பு இருந்தால் அவை தாமாக வெளியேறிவிடும். கூடாரக் கடைக்காரர்கள் அதைக் காற்றுக்காக வைக்கிறார்கள். நாங்கள் அதைத் தேனீக்காகக் கேட்டு வாங்குகிறோம். அந்தத் திறப்பு தேனுக்கும் நல்லது. தேன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அடுக்குத் தேனீயின் தேன் இயல்பிலேயே அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நான்கு பேர் மூச்சும் ஈரத்துணியும் நிறைந்த அடைத்த கூடாரத்தில் ஒரு இரவு திறந்து வைத்தால் எல்லை தாண்டிவிடும்.

அளவுகளை இப்போது ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். 8×10 என்பது 80 சதுர அடி. இரண்டு பேர் படுக்கலாம், அல்லது தேன் எடுக்கலாம்; இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. 10×12 என்பது 120 சதுர அடி. இரண்டு பேர் குழுவுக்கு, நாற்பது ஐம்பது பெட்டி வரை, இதைவிட நல்ல அளவு எனக்குத் தெரியவில்லை. ஆட்டோவில் போய்விடும், இருவர் சேர்ந்தே கட்டிவிடலாம். நான்கு பேர் என்றால் தேனுக்கு ஐந்தடிதான் மிஞ்சும்; பகலில் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு வேலை செய்ய வேண்டும். ஒரு பருவம் அப்படி ஓட்டலாம், ஆண்டாண்டு முடியாது. 12×14 என்பது 168 சதுர அடி. சதுரத்துக்கு நெருங்கிய வடிவம் என்பதால் நிமிர்ந்து நிற்கும் இடம் நடுவில் அகலமாகக் கிடைக்கும். உடல் உயரமானவர்களுக்கு இது பெரிய வசதி. சொந்தத் தோட்டத்தில் வீட்டு முற்றத்திலோ தென்னந்தோப்பின் திறந்தவெளியிலோ பருவம் முழுவதும் ஓரிடத்திலேயே இருப்பவர்கள் தயங்காமல் இதை வாங்கலாம். 14×16க்கு 224 சதுர அடி; 16×20க்கு 320. தேன் பதப்படுத்தும் நிலையான கொட்டகையாக வைத்துக்கொள்ள அவை பொருந்தும். இடம் மாறுகிறவருக்குப் பாரம்.

பாரம் என்று சொன்னது வெறும் வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது என்று துணிக்கணக்கும் போட்டேன். சுவர் உயரம் 5 அடி. முகடு அளவுக்கேற்ப 7 முதல் 9 அடி. சதுர மீட்டருக்கு 340 கிராம் எடையுள்ள கித்தான், அமெரிக்க வழக்கில் 10 அவுன்ஸ் துணி. கூரை, சுவர், முகப்பு எல்லாம் சேர்த்து 8×10க்கு ஏறத்தாழ 9 கிலோ துணி வருகிறது, 10×12க்கு 12 கிலோ, 12×14க்கு 15, 14×16க்கு 19, 16×20க்கு 25. தையல் மடிப்பு, கயிறு, அடிப்பட்டை எல்லாம் இதற்கு மேல். 12 அவுன்ஸ் துணி என்றால் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூடும். இதெல்லாம் காய்ந்த எடை. நனைந்த கித்தானைத் தூக்கியவர்களுக்கு அதன் கனம் தெரியும். நாங்கள் தேனீக்கள் எல்லாம் உள்ளே அடங்கிய பிறகு, இரவில், வாசலை அடைத்துப் பெட்டிகளை டெம்போவில் ஏற்றுவோம். விடிவதற்குள் அடுத்த தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். அந்த அவசரத்தில் கூடாரம் ஒருவர் தலைச்சுமையில் போக வேண்டும். நான் வைத்த எல்லை அதுதான்: ஒரே ஆள், இருட்டில், சேற்று வழியில் சுமக்க முடிகிற அளவு.

ஒரே கூடாரத்துக்குப் பதிலாக இரண்டு 8×10 வாங்கலாமே என்று அண்டை வீட்டு அண்ணன் ஒருவர் கேட்டார். அதை நான் வெகுநேரம் யோசித்தேன். ஒன்றில் தூக்கம், இன்னொன்றில் தேன். மெழுகு வாசமும் எறும்பும் படுக்கைக்கு வராது. ஒன்றை முன்கூட்டியே அடுத்த தோட்டத்துக்கு அனுப்பலாம். சரிவில் இரண்டு சின்னத் தட்டுகள் கிடைப்பதும் எளிது. இவை உண்மையான நன்மைகள். ஆனால் தேன் இருக்கும் கூடாரத்தில் இரவில் யாராவது ஒருவர் படுத்தே ஆக வேண்டும். மலையோரத் தோட்டங்களில் தேனைத் தேடிக் கரடி வரக்கூடும். படுக்கை அங்கே போனதும் பிரித்ததன் பயன் பாதி போய்விடுகிறது. துணியும் கூடுதல். 160 சதுர அடியை ஒரே கூடாரமாக 10×16 என்று தைத்தால் ஏறத்தாழ 465 சதுர அடித் துணி; இரண்டு 8×10 ஆகத் தைத்தால் 570. மூன்று பெண்கள் கொண்ட சுய உதவிக் குழு ஒன்று எங்கள் ஊரில் தேனீ வளர்க்கிறது. அவர்களுக்கு ஆண் உதவியாளர்களோடு தங்க வேண்டிய நாட்களில் இரண்டு கூடாரம் கட்டாயம். அவர்களிடம் நான் இரண்டையே வாங்கச் சொன்னேன்.

உயரம் பற்றி இரண்டு விஷயம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்து ரப்பர் தோட்டங்களைச் சாய்த்துப் போட்டது. அதற்குப் பிறகு மறுநடவு செய்த தோட்டங்கள் பல இப்போதுதான் பால்வெட்டுக்கு வருகின்றன. இளமரங்களில் கிளை தாழ்ந்திருக்கும். எட்டரை, ஒன்பதடி முகடு கிளையில் இடிக்கும். ஏழரை அடி முகடு நுழைந்துவிடும். பழைய தோட்டங்களில் கிளை உயரத்தில் இருக்கும். ஆனால் ரப்பர் கிளை பொடுக்கென்று முறியக்கூடியது. முறிந்து தொங்கும் கிளை தலைக்கு மேல் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்காமல் ஒரு முளைகூட அடிக்காதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் முருங்கைத் தோட்டங்களுக்குப் பெட்டி கொண்டுபோகிறவர்களுக்கு வேறு கணக்கு. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று கூடாரத்தையும் அறையும். அங்கே நாலடிச் சுவரும் எட்டடி அகலமும் போதும். உயரமான அகன்ற சுவர் பாய்மரம்போலக் காற்றை வாங்கும்.

அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சில கூடாரங்களில் புகைக்குழாய்க்கான துளை கூரையில் வைத்தே வரும். அதைத் தைத்து மூடிவிடச் சொல்லுங்கள். தையில் ரப்பர்த் தோட்டத்துத் தரை முழுவதும் கணுக்கால் அளவுக்குக் காய்ந்த சருகு. ஒரு பொறி போதும். பிறர் தோட்டம் எரிந்துவிடும். கூடாரத்துக்குள் சமையலே வேண்டாம். சருகை நன்றாகப் பெருக்கித் தள்ளிய இடத்தில், கூடாரத்திலிருந்து தள்ளி, கல் கூட்டிச் சமைக்கிறோம். பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர் எப்போதும் இருக்கும். இதனால் கூடாரத்து இடக்கணக்கிலிருந்து சமையல் முழுவதும் கழிந்துவிடுகிறது. சுவரின் அடியில் ஒரு சாண் அகலத்துக்கு உட்பக்கம் மடிந்து கிடக்கும் பட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதன்மேல் மண் போட்டு அழுத்தினால் காற்றும், மழை பெய்த இரவுகளில் அட்டையும் உள்ளே வராது.

இதுவரை சொன்னவை எல்லாம் தனியார் தோட்டங்களுக்கு. 2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் 400 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பு. அதன் எல்லையை ஒட்டியே பல தோட்டங்கள் முடிகின்றன. காட்டுக்குள் கூடாரம் போடுவதை நினைக்கவும் வேண்டாம். எல்லையில் இருக்கிறோமா என்ற சந்தேகம் வந்தாலே வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். அரசு ரப்பர் கழகத்துத் தோட்டம் என்றாலும் அனுமதி பெற்ற பிறகே பெட்டி இறக்க வேண்டும்.

கடைசியில் நாங்கள் தைக்கக் கொடுத்தது அந்த ஐந்து அளவுகளில் எதுவும் இல்லை. 10 அடி அகலம், 16 அடி நீளம். 12×14ஐவிட எட்டுச் சதுர அடி மட்டுமே குறைந்த தரைப்பரப்பு, அதைவிடக் கொஞ்சம் குறைவான துணி. ஆனால் 16 அடி வரிசைக்குள் இரு பக்கமும் வழிவிட்டு உட்காரும். சுவர் 5 அடி, முகடு ஏழரை. ஏழாவது அடியில் உள்ளே ஒரு தொங்குதிரை. அந்தப் பக்கம் நான்கு பாய், இந்தப் பக்கம் ஒன்பதடித் தேனறை. இரண்டு முகப்பிலும் வாசல், தேனறை வாசலில் வலை. முகட்டுக் கம்பு மூன்று துண்டாகக் கழன்று வரும் இரும்புக் குழாய். நிற்கும் கம்புகளுக்குக் கமுகுத் தடியையே போகிற இடத்தில் வாங்கிக்கொள்கிறோம். நிமிர்ந்து நிற்கும் இடம் நடுவில்தான் என்பது இதன் குறை. அதனால் இயந்திரத்தையும் மேசையையும் முகட்டுக்கு நேர்கீழே வரிசையாக வைத்து, கேன்களைச் சுவரோரம் தள்ளினோம். மாமாவின் தலை இடிக்காத இடம் எது என்று அவரையே நிற்கவைத்துச் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டோம்.

புதுக் கூடாரத்தை நேராகத் தோட்டத்துக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டு முற்றத்தில் கட்டி, குழாய்த் தண்ணீரால் முழுவதும் நனைத்து, அப்படியே காயவிட்டோம். மறுநாள் மறுபடியும் நனைத்தோம். பருத்தி நூல் ஊறிப் பருத்தால்தான் ஊசித் துளைகள் அடையும். முதல் நனைப்பில் தையல் வழியே கசிந்தது. இரண்டாவதில் இரண்டே இடத்தில். அந்த இரண்டு இடத்திலும் தேன்மெழுகைத் தேய்த்தோம். பருவம் முடிந்ததும் மொட்டை மாடியில் முழு நீளத்துக்கும் விரித்து, மூன்று நாள் வெயில் காட்டிய பிறகே மடிப்போம். பங்குனி, சித்திரை மழையில் ஈரத்தோடு மடித்து வைத்த கித்தானில் ஒரு வாரத்துக்குள் கரும்புள்ளி விழுந்துவிடும். எங்கள் மொட்டை மாடியின் கொடிக்கயிறு 18 அடி. 16 அடிக் கூடாரம் அதில் மடங்காமல் காய்கிறது.